முனியாண்டி மாமா ஆர்டர் கொடுத்த அனிமே

1. கண்ணும் மூக்கும்

டெக்கோ என்கிற மேடை அலங்கார வேலைக்கு வந்த முதல் நாள் என் கையில் ஒரு ஸ்டேப்லரைக் கொடுத்து, மேடைக்குப் பின்னால் துணியை மடித்து மடித்து அடிக்கச் சொன்னார் தவுக்கே, எங்கள் முதலாளி. மூன்று முறை என் கட்டை விரலிலேயே அடித்துக்கொண்டேன். "ரத்தம் வெள்ளத் துணியில படாம பாத்துக்க" என்றார். விரல் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அவரிடமே இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன் என்பதிலிருந்து என் புத்திசாலித்தனத்தை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

கடை அம்பாங்கானில். கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் மேடை அலங்காரம் நாங்கள்தான். இப்போது முட்டி தேய்ந்து ஏணி ஏற முடியாமல், கடையில் உட்கார்ந்து ஆர்டர் மட்டும் எழுதுகிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் லைட் எப்படிக் கட்டுவது, ஃபிரேம் எப்படிப் பூட்டுவது என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் போனிலேயே பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். போனில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

முன்பெல்லாம் பேக்டிராப் என்றால் துணி, பூ, நடுவில் ஒரு பிள்ளையார். பிறகு தீம் என்று ஒன்று வந்தது. கடைக் கம்ப்யூட்டரில் இளவரசி, சூப்பர் ஹீரோ, கார்ட்டூன் என்று மூன்று ஃபோல்டர் இருந்தன. ஒருநாள் ஒரு அம்மா வந்து "என் மவனுக்கு அனிமே போடுங்க" என்றாள். அது என்ன என்று நானும் தவுக்கேயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அம்மா போன பிறகு தவுக்கே ஒரு விளக்கம் கொடுத்தார்.

"கண்ணு பெருசா இருந்தா அனிமே. மூக்கு பெருசா இருந்தா கார்ட்டூன். சுடா, முடிஞ்சுது."

அன்றைக்கே நான்காவது ஃபோல்டர் திறந்தோம். தவுக்கேயின் விளக்கப்படி அதில் ஆந்தை இருந்தது. பால் மாவு டின்னில் சிரிக்கும் குழந்தை இருந்தது. பெரிய கண் வைத்த டுரியான் பழம் ஒன்றுகூட இருந்தது. அந்த டுரியானை நான்கு பிறந்தநாளுக்கு அனிமே என்று சொல்லிப் போட்டிருக்கிறோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாம் ஒரு வயதுப் பிறந்தநாள். ஒரு வயதுப் பிள்ளை கம்ப்ளெய்ன் செய்யாது.

2. வாசலில் வந்த ஆள்

ஒரு புதன்கிழமை காலையில் கடை வாசலில் ஒரு சீனர் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஹெல்மெட். என்ன வேண்டும் என்று, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் "யா பாஸ், மாவ் அப்பா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"என்னாக்கா, பசியாறிட்டீங்களா?" என்றார்.

பேர் கேட்டேன். "முனியாண்டி. சிரிச்சிட்டு எழுதுங்க, பரவால்ல. எல்லாருந்தான் சிரிப்பாங்க" என்றார். நான் சிரித்துவிட்டுத்தான் எழுதினேன்.

பிறந்த பத்தாம் நாள் கெமாஸ் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்தவர் அவர். பெற்றவர்களுக்கு வளர்க்க வழியில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிள்ளை இல்லாத ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்தது. ஆறு வருஷம் கழித்து அந்த வீட்டிலேயே ஒரு பெண் பிறந்தாள். அவள் பெயர் சரசு. அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது, கட்டிக் கொடுத்தது எல்லாம் முனியாண்டி. இன்றைக்கும் அதே தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். இவ்வளவையும் நான் கேட்காமலேயே, ஒரு கோப்பித்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார்.

"தங்கச்சி மவ யாழினிக்கு சடங்குக்கா. நாந்தான் தாய்மாமன். அந்தக் காலத்துல மாமன்காரன் பச்ச ஓலை வெட்டி, புள்ள உக்கார குச்சு கட்டுவான். இப்ப நம்ம தோட்டம் முழுக்க செம்பனை. அதுல கட்டுனா முள்ளு குத்தி புள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போவும். அதனால குச்சுக்குப் பதிலு பேக்டிராப்ப நான் போடுறேன்."

"என்ன தீம் தம்பி?"

"அங்கதான் பிரச்சன. புள்ள சடங்கே வேணாம்னு நின்னுச்சு. என் சமாச்சாரத்த எதுக்கு மைக்கு வெச்சி சொல்றீங்கன்னு ஒரே சண்ட. கடசியில, அனிமே தீம்னா உக்காருறேன், இல்லாட்டி ரூம வுட்டு வரமாட்டேன்னு ஒத்துக்கிச்சி." குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அக்கா, அனிமேன்னா என்னா?"

"அது ஒன்னுமில்ல தம்பி. கார்ட்டூன்தான். கொஞ்சம் ஸ்டைலா இருக்கும்."

இதைவிட மோசமான பதிலை இருபத்தாறு வருஷத்தில் நான் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னபோது அது தெரியவில்லை.

எந்தப் படம் வேண்டும் என்று அந்தப் பெண்ணையே போனில் கேட்டுவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. முனியாண்டி தலையை ஆட்டினார். "மாமன் சீர மூடித்தான் கொண்டு போவணும். முன்னாடியே காட்டிட்டா என்னா மரியாத?" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. சடங்கு ஆர்டர் எழுதும்போது மாமனிடம் படம் கேட்போம், அம்மாவிடம் பூ கேட்போம், அப்பாவிடம் நேரம் கேட்போம். உட்காரப்போகிற பெண்ணிடம் எதையும் கேட்டதில்லை. மேடையில் போடும் நாற்காலியிடம் போய் உனக்கு என்ன நிறம் வேண்டும் என்று யாராவது கேட்பார்களா?

கிளம்பும்போது வாசலில் நின்று முனியாண்டி இன்னொன்று சொன்னார்.

"ரஹாங்ல யாழினிக்கு அப்பா பக்கத்துப் பெரியப்பா ஒருத்தரு இருக்காரு. நான் மாமனே இல்லேங்கிறாரு. மாலை போட வேற ஆளக் கூட்டியாறேன்னு சரசுகிட்ட சொல்லியிருக்காரு. சீரு நல்லா அமைஞ்சிட்டா அவரு வாய மூடிக்குவாருக்கா. கொஞ்சம் பாத்துச் செய்ங்க."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னதால் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

3. பேரீச்சம்பழம்

எங்கள் ஃபோல்டரில் இருந்த ஆந்தையும் டுரியானும் சடங்குக்கு ஆகாது என்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. நெட்டில் தேடினேன். அரை மணி நேரத்தில் அம்சமாக ஒரு படம் கிடைத்தது. ஊதா நிறத்தில் முடி, மஞ்சள் பாவாடை, முகத்தில் பாதி கண். அப்படியே மஞ்சள் நீராட்டுக்கென்றே வரைந்த மாதிரி இருந்தது. கீழே என்னவோ எழுத்து. எனக்குப் புரியாத எழுத்தாக இருந்ததால் ஜப்பான்தான் என்று முடிவு செய்தேன்.

கையில் ஏதோ பாட்டில் வைத்திருந்தாள். அதை அழித்துவிட்டு ரோஜாப்பூ வைத்தேன். எழுத்தையும் அழித்துவிட்டு "மஞ்சள் நீராட்டு விழா, செல்வி யாழினி" என்று போட்டேன். அவள் காலடியில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னதாக ஏழெட்டு கிடந்தன. பேரீச்சம்பழம் என்று நினைத்தேன். பழம் மங்கலம்தானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தவுக்கே வந்து பார்த்தார். "கண்ணு பெருசு. ஓகேலா" என்று பாஸ் செய்தார். பத்தடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்தோம்.

4. ரஹாங் பெரியப்பா

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இறங்கினோம். ஃபிரேமைப் பூட்டி, ஃபிளெக்ஸை இழுத்துக் கட்டி, சுற்றிலும் பூ வைத்து முடித்தபோது நானே தள்ளி நின்று ரசித்தேன். முனியாண்டி வேட்டி சட்டையில் வந்தார். பேக்டிராப்பைப் பார்த்ததும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அக்கா, ஜம்முனு இருக்குக்கா. இதாங்கா குச்சு."

ஒன்பது மணிக்கு ரஹாங் பெரியப்பா வந்தார். ஏதோ ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வந்ததும் மைக்கை எடுத்துக்கொண்டார். செருப்பை வரிசையாக விடச் சொன்னார். என் ஏணியை ஓரமாக வைக்கச் சொன்னார். கூடவே நீல ஜிப்பா போட்ட ஒரு ஆளைக் கூட்டி வந்திருந்தார். சரசுவுக்குத் தூரத்து முறையில் அண்ணனாம். சரசுவே அவரை அன்றைக்குத்தான் இரண்டாவது முறை பார்க்கிறாள்.

"மாலைய இவரு போடுவாரு" என்றார் பெரியப்பா. "தாய்மாமன்னா யாரு? தாயோட கூடப் பொறந்தவன். சரி, கூடப் பொறந்தவன் இல்ல, பங்காளி வகையில ஒருத்தராச்சும் வேணும். ஒரு முறை இருக்குல்ல? கண்டவங்க எல்லாம் மாமன் ஆயிட முடியுமா?"

"அண்ணந்தான் என்னய வளத்துச்சு" என்றாள் சரசு.

"வளத்தாரு, நல்ல மனுசன், யாரு இல்லேன்னா? சீர வைக்கட்டும், முன் வரிசையில உக்காரட்டும். மாலைக்கு மொறன்னு ஒன்னு இருக்கும்மா."

சரசுவின் புருஷன் ஸ்பீக்கர் வயரை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். தன் அண்ணனான பெரியப்பா எதிரில் அவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லையாம். முனியாண்டி சீர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் டெக்கோக்காரிக்கு ஊர் வழக்கில் என்ன பேச்சு?

5. யாழினியின் மூன்று ரூல்

மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறையில்தான் யாழினியை அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். அறைக் கதவைத் திறந்துகொண்டு அவளே வந்துவிட்டாள். பதின்மூன்று வயது, பட்டுப் பாவாடை, தலை நிறையப் பூ, கையில் போன். பேக்டிராப்பை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். கிட்டே போய் அந்தப் பேரீச்சம்பழத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது அனிமே இல்ல."

"அனிமேதாம்மா. கண்ணப் பாரு, எவ்ளோ பெருசு."

"கண்ணு பெருசா இருந்தா அனிமேயா? அப்ப எங்க பெரியம்மாவும் அனிமேவா?" விரலை மடக்க ஆரம்பித்தாள். "ஃபர்ஸ்ட், ஜப்பான்ல செஞ்சிருக்கணும். செகண்டு, அசையணும். சும்மா படம்னா அது படந்தான். தேர்டு, கதை இருக்கணும். இது மூணும் இல்லாட்டி அனிமே கிடையாது. கொரியாவுல செஞ்சாகூட நான் ஒத்துக்கமாட்டேன்."

பெரியப்பாவும் இவளும் ஒரே ரத்தம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது. அதே கறார், அதே குரல்.

"அசையணும்னா ஃபிளெக்ஸுல எப்படிம்மா அசையும்?" என்று கேட்டேன்.

"அசையாது. ஆனா அனிமேவுல வர்ற ஆளோட படமாச்சும் போட்டிருக்கலாம்ல?" போனைப் பேக்டிராப் பக்கம் நீட்டினாள். போனில் காட்டினால் படம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுமாம். சொல்லிவிட்டது. திரையை என் பக்கம் திருப்பினாள். அதே ஊதா முடி, அதே மஞ்சள் பாவாடை. கையில் நான் அழித்த பாட்டில்.

"கரப்பான் மருந்து விளம்பரம் ஆன்ட்டி. தைவான்ல. கீழ கெடக்கறதெல்லாம் செத்த கரப்பான்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்ன பிறகு கால்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஏழெட்டு கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன. அதற்கு நேர் கீழே "செல்வி யாழினி" என்று தங்க எழுத்தில் நான்தான் போட்டிருந்தேன்.

"பூவ வெச்சு மறைச்சிடுறேம்மா, அஞ்சு நிமிஷம்."

"வேணாம். அனிமே இருந்தாதான் உக்காருவேன்னு சொன்னேன். இல்ல. அதனால நான் வரல." கத்தவில்லை, அழவில்லை. திரும்பி அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டாள்.

6. கழட்டு

விஷயம் மண்டபம் முழுக்கப் பரவ ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முன் வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து வந்து குனிந்து கரப்பானைப் பார்த்தார்கள். ஒருத்தி எண்ணினாள். இன்னொருத்தி போட்டோ எடுத்தாள். பெரியப்பாவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்தே பேசினார்.

"பாத்தியா சரசு? இதுக்குத்தான் சொன்னேன். சடங்குக்குச் செத்த பூச்சி! நம்ம மாமனா இருந்தா இப்படிச் செய்வானா? பேருக்கு மாமன்னா இப்படித்தான் இருக்கும். ஏம்மா, டெக்கோ, கழட்டும்மா அத. வெறும் துணி போதும். மாலைய இவரு போடட்டும்."

இந்த இடத்தைத்தான் புதிதாக வருகிறவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். படத்தைத் தேடியது நான். பாட்டிலை அழித்தது நான். பூச்சியைப் பழம் என்று நினைத்ததும் நான். அந்த மனுசன் அனிமே என்றால் என்ன என்று என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். "ஐயா, தப்பு எங்க கடையோடது" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. தவுக்கே என்ன சொல்வாரோ, வெளியே தெரிந்தால் ஆர்டர் போய்விடுமோ என்று யோசித்துக்கொண்டே ஏணியை இழுத்துப் போட்டு ஏறினேன். ஃபிளெக்ஸைக் கட்டியிருந்த கேபிள் டையை வெட்டக் கத்திரியை எடுத்தேன்.

முனியாண்டி என் பக்கம் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார், என்னைக் காட்டிக் கொடுப்பார் என்று நினைத்தேன்.

"அக்கா மேல தப்பில்ல" என்றார் பெரியப்பாவிடம். "நாந்தான் புள்ளைக்குக் காட்டாம செய்யச் சொன்னேன். எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. கழட்டிடட்டும். அவரே மாலை போடட்டும். புள்ள உக்காந்தா போதும்."

தட்டைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஃபிரேமின் மறுபக்கத்தைப் பிடிக்க வந்தார். தான் போட்ட குச்சைத் தானே கழட்ட எனக்குக் கை கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

இரண்டு கேபிள் டை வெட்டியிருப்பேன். ஃபிளெக்ஸின் ஒரு மூலை தொங்கியது.

"பெரியப்பா, கழட்டச் சொல்லாதீங்க."

கதவை முழுக்கத் திறந்துகொண்டு யாழினி நின்றாள். பெரியப்பா மைக்கை இறக்கினார்.

"நீதானம்மா வேணாம்னே?"

"வேணும். இது அனிமேதான்."

"இப்பதான் இல்லேன்னு விரல மடக்கி மடக்கிச் சொன்னியாமே? ஜப்பான்ல செஞ்சிருக்கணும், அது இதுன்னு?"

"ரூல மாத்திட்டேன்" என்றாள். "எங்க மாமா கொண்டாந்தா அனிமே. நீங்களும் மாத்துங்க பெரியப்பா."

மைக் இறங்கியிருந்தாலும் ஆன்தான். மண்டபத்துக்கு வெளியே பந்தலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கேட்டார்கள். நீல ஜிப்பாக்காரர் மாலையைப் பக்கத்து நாற்காலியில் மெதுவாக வைத்துவிட்டு, பசியாறும் பக்கம் எங்கே என்று விசாரித்தார்.

யாழினி நேரே நடந்து வந்து மேடை நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் ஊதா முடிக்காரி ரோஜாப்பூவோடு சிரித்தாள். நான் அவசர அவசரமாகத் தொங்கிய மூலையைக் கட்டினேன். காலடியில் பூ வைத்து மறைக்கப் போனேன். "ஆன்ட்டி, விடுங்க. அதுவும் இருக்கட்டும்" என்றாள்.

பெரியப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தாரா முறைத்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"தாய்மாமன் முனியாண்டி மேடைக்கு வரவும்" என்றார்.

முனியாண்டிக்கு மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கக்கூடத் தோன்றவில்லை. அப்படியே ஏறினார். மாலையைப் போடும்போது அது அவள் காதுத் தோட்டில் மாட்டிக்கொண்டது. அவளே எடுத்துச் சரி செய்துகொண்டாள்.

7. கற்றுக்கொண்டது

இப்போது எங்கள் கடை ஆர்டர் தாளில் முதல் கேள்வி, மேடையில் உட்காரப்போவது யார், அவரிடம் கேட்டாயிற்றா என்பது. தாய்மாமன் வந்தாலும் சரி, தவுக்கேயே வந்தாலும் சரி, அதை நிரப்பாமல் நான் ஃபிளெக்ஸ் அடிக்க விடுவதில்லை. அனிமே ஃபோல்டரை அழித்துவிட்டோம். டுரியானை மட்டும் தவுக்கே எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்.

எது அனிமே, எது கார்ட்டூன் என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம், எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள் என்று விட்டுவிடுகிறேன். நாள் பூராவும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். கறாராக ரூல் வைத்திருப்பவர்களைப் பார்த்து நான் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது படத்தைப் பற்றியே இல்லை. படம் தப்பாகப் போகும். எத்தனை வருஷம் வேலை செய்தாலும் ஒருநாள் பழம் என்று நினைத்துப் பூச்சியை அடித்துக் கொடுப்பீர்கள். அப்போது உடனே, ஏணியில் ஏறுவதற்கு முன்னால், தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு நான் சொல்லாததால், கொரியாவைக்கூட ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளை, தைவான் கரப்பான் மருந்தை அனிமே என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டியிருந்தது.